தோள்பட்டையை மன்னியுங்கள்

நீண்ட நாள் படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கென்று அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஒரு பெண்கள் வார்டு இருந்தது. மொத்தம் பன்னிரண்டு கட்டில். அங்கே பதினெட்டு வருடமாக உதவியாளராக இருந்தவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ‘எக்ஸ்ரே’தான்.

காரணம் அவள் கண். எதிரே நிற்கிறவர் வாயைத் திறப்பதற்குள் அவர் எதை மறைக்கிறார் என்று அது தேட ஆரம்பித்துவிடும். “மாத்திரையெல்லாம் போட்டுட்டேம்மா” என்று நோயாளி சொன்னால், எக்ஸ்ரே சிரித்துக்கொண்டே தலையணையைத் தூக்குவாள். அடியில் மாத்திரை இருக்கும். “பழம் மட்டும்தான் கொண்டுவந்தேன்” என்று உறவுக்காரர் சொன்னால், பழத்தை எடுத்து வைத்துவிட்டுப் பையைத் தட்டுவாள். சக்கர நாற்காலியின் பிரேக்கை இன்னொருத்தி போட்டிருந்தால், அதை எடுத்துவிட்டு மறுபடி தானே போடுவாள். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்த அவள் புருஷன், “கடையிலேர்ந்து நேரா வர்றேன்” என்று வாசலில் சொல்லும்போதே அவர் செருப்பைப் பார்த்துவிடுவாள். கால் நூற்றாண்டில் அவர் ஒரு தப்புக்கும் போனதில்லை. அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

வார்டில் அவளுடைய முக்கியமான வேலை, புரட்டுவது. அசைய முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். புரட்டிய நேரத்தை அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்துதான் புரட்ட வேண்டும் என்பது விதி. எக்ஸ்ரேயின் ஜோடி, சோடா. தடித்த கண்ணாடி போட்டவள், நாலு வயது மூத்தவள், வாய் ஓயாதவள். ஒருத்தி தோளைப் பிடிக்க, ஒருத்தி இடுப்பைப் பிடிக்க, “ஒண்ணு, ரெண்டு, தூக்கு” என்று பதினெட்டு வருடம் புரட்டியதில் எக்ஸ்ரேயின் முதுகுதான் முதலில் புரண்டது. ஒரு காலையில் குனிந்து பக்கெட்டை எடுத்தவள் நிமிரவில்லை. அதே வார்டின் ஸ்ட்ரெச்சரில் அவளைக் கீழே கொண்டுபோனார்கள். போகிற வழியிலும், “பிரேக்கை எடுத்தாச்சா? யார் எடுத்தது?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

மூன்று வாரம் படுக்கை. வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. தலைமாட்டில் போன் இருந்தது. முதுகு வலிக்கு என்ன பண்ணலாம் என்று அதில் தேடினாள். ஒன்றிலிருந்து ஒன்று தாவி, அது அவளை எங்கோ கொண்டுபோய்விட்டது.

அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் நின்றிருந்தார். பெரிய கூடம். எதிரே கறுப்பு உடையில் ஆறு சீடர்கள். “இது தசையோட பலம் இல்ல. உள்ளுக்குள்ள இருக்கிற பலம். உடம்பை முழுசா தளர்த்தினா தானா வரும்” என்று சொல்லிவிட்டு, ஓடி வந்த ஒருவனை விரல் நுனியால் தொட்டார். அவன் பத்தடி தள்ளிப் போய் மெத்தையில் விழுந்தான். அடுத்தவன் வந்தான். அவனும் பறந்தான். ஆறாவது ஆளைத் தொடவே இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். அவன் விழுந்து, உருண்டு, எழுந்து கும்பிட்டான்.

எக்ஸ்ரேக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. படுத்தபடியே வீடியோவைக் கால்வாசி வேகத்துக்குக் குறைத்தாள். சீடனின் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தாள். ஒரு தடவை, ரெண்டு தடவை, ஏழு தடவை.

“ஏங்க, இங்க வாங்க” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “இவன் குதிகாலைப் பாருங்க. அவர் விரல் இன்னும் இவன் நெஞ்சுக்கு வரவே இல்ல. அதுக்குள்ள குதிகால் எழும்புது. இவனே குதிக்கிறான்.”

“சரி, குதிச்சா குதிச்சுட்டுப் போறான். உனக்கு முதுகு எப்படி இருக்கு?”

“எத்தனை லட்சம் பேர் இதைப் பார்த்திருக்காங்க தெரியுமா? இத்தனை பேர் காதுல பூ சுத்துறாரு. ஒருத்தன்கூடக் காலைப் பார்க்கல.”

வீடியோவுக்குக் கீழே எழுதினாள்: ‘சீடர் குதிகால் முன்கூட்டியே எழும்புகிறது. பதினோராவது நொடி பார்க்கவும்.’ அரை மணி நேரத்தில் அது காணாமல் போனது. மறுபடி எழுதினாள். அதுவும் போனது. மூன்றாவது தடவை எழுதப் போனால், எழுதவே விடவில்லை. மறைக்கிறார்கள் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு ஏதோ ஒரு திருப்தி. முதுகு வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு போன் அவளுக்கு இந்த மாதிரி வீடியோக்களாகவே கொண்டுவந்து கொட்டியது. தொடாமல் தள்ளுகிறவர், மூச்சால் மெழுகுவத்தியை அணைக்கிறவர், வயிற்றில் உலக்கையால் இடிக்கச் சொல்கிறவர். ஒவ்வொருத்தர் குட்டையும் உடைத்துக்கொண்டே வந்தவள், ஒரு மத்தியானம் முகமில்லாத ஒருவரிடம் வந்து நின்றாள்.

முகமில்லாதவர் என்றால், கேமராவை அப்படி வைத்திருந்தார். கழுத்துக்குக் கீழே மட்டும்தான் தெரியும். பழைய சாமான் போடும் ஏதோ ஒரு கொட்டகை. சீடர் கிடையாது. இசை கிடையாது. ஒரு பெரிய மரப்பெட்டி, அதற்குள் இரும்புத் துண்டுகள். முதலில் கைப்பலத்தால் இழுத்துக் காட்டினார். தோள் காதுவரை ஏறியது, பெட்டி அசையவில்லை. அப்புறம் ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து நின்றார். கைகள் பெட்டியில் கட்டிய கயிற்றில் கோத்திருந்தன, தொங்குவது போல. பின்காலின் மேல் மெதுவாக உட்காருவது மாதிரி எடையை மாற்றினார். பெட்டி பின்னாலேயே வந்தது.

அவர் பேசிய பாஷை அவளுக்குத் தெரியாது. அடியில் இயந்திரம் போட்ட மொழிபெயர்ப்பு ஓடியது. ‘உங்கள் தோள்பட்டையை மன்னியுங்கள்’ என்றது. ‘முழங்கைகளை மூழ்கடிக்கவும். இடுப்பு ஒரு வாளி, சிந்தாதே அன்பே.’

எக்ஸ்ரே வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் வீடியோவை மாற்றவில்லை. மனுஷன் நடிப்பான். இரும்பு எப்படி நடிக்கும்? பெட்டிக்கு அடியில் சக்கரம் இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியதையே கீழே வேறு ஒருவரும் கேட்டிருந்தார். அடுத்த வீடியோவில் முகமில்லாதவர் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைக் காலிசெய்து கவிழ்த்து, அடிப்பலகையைக் காட்டிவிட்டு, மறுபடி நிரப்பி இழுத்தார். தரையைக் காட்டவில்லை. தரையில் ஏதாவது தடவியிருக்கலாம். எக்ஸ்ரே அதையும் கேட்டு எழுதினாள். இரண்டு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது: தரையில் ஒரு காகிதத்தைத் தேய்த்து, தூக்கிக் கேமராவுக்கு நேரே பிடித்தார். காகிதம் காய்ந்து இருந்தது.

“இந்த ஆள் பரவாயில்ல” என்றாள் புருஷனிடம். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே அதிசயம். “ஆனா முகத்தை ஏன் மறைக்கிறான்?”

எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னபிறகு, அவள் காலையில் பத்து நிமிடம் அந்த வீடியோவில் சொன்னபடி நிற்க ஆரம்பித்தாள். பெரிய மரம் ஒன்றைக் கட்டிப்பிடித்தாற்போல் கைகளை முன்னே வளைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, சும்மா. முதல் நாள் மூன்றாவது நிமிடமே தொடை நடுங்கியது. தளர்த்தச் சொன்னால் தளர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. தோளைக் கீழே விட்டுவிட்டோம் என்று நினைப்பாள். கண்ணாடியில் பார்த்தால் அது காதுக்குப் பக்கத்தில் நிற்கும். தன் உடம்பே தனக்குப் பொய் சொல்கிறது என்பது அவளுக்குப் புதுச் செய்தி. இத்தனை வருடம் ஊரையெல்லாம் துருவியவள், சொந்தத் தோளை ஒரு தடவையும் விசாரித்ததில்லை.

ஒரு வாரத்தில் புருஷனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினாள். “நான் உங்க கையைப் பிடிச்சு இழுப்பேன். வராதீங்க. கெட்டியா நில்லுங்க.”

அவர் நின்றார். அவள் பின்காலில் உட்கார்ந்தாள். அவர் இரண்டடி ஓடி வந்து அவள் மேலேயே சாய்ந்தார்.

“சும்மா வந்தீங்கதானே?”

“இல்லம்மா, நிஜமாத்தான். என்னமோ தரையே நழுவின மாதிரி…”

“முகத்தைப் பார்த்தா தெரியுது. என்னைச் சந்தோஷப்படுத்தணும்னு வர்றீங்க.”

“அப்போ வராம நிக்கட்டுமா?”

“நில்லுங்க.”

மறுபடி இழுத்தாள். மறுபடியும் வந்தார். அவளுக்குக் கோபம் வந்தது. “உங்களை நம்பி எதையும் சோதிக்க முடியாது” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் வார்டுக்கு ஒரு புது நோயாளி வந்திருந்தார். பணி ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். கனத்த சரீரம், எடை போடும் கட்டிலில் நூற்றுப்பத்து கிலோ காட்டியது. பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வோர் எழுத்தாக, பெரிய இடைவெளி விட்டு வரும். ஆனால் கண்ணில் வகுப்பறை அப்படியே இருந்தது. இடது பக்கம் சுவரை ஒட்டின மூலைக் கட்டில் அவருடையது. அவரைப் புரட்ட இரண்டு பேர் போதாமல், சில நேரம் மூன்றாவது ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒரு நாள் பத்தரை மணிக்கு, சோடா இன்னொரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில், டீச்சரின் விரிப்பு நனைந்துவிட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கம். அந்த முகத்தை எக்ஸ்ரேயால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“டீச்சர், நான் மெதுவா முயற்சி பண்றேன். வரலைன்னா விட்டுடறேன்.”

கட்டிலை ஒட்டி நின்றாள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. டீச்சரின் சுவர்ப்பக்கத்துக் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். அந்தப் பக்கத்து முட்டியை மடக்கினாள். ஒரு கையைத் தோளுக்குப் பின்னால், ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்தாள். வழக்கமாக இந்த இடத்தில் பல்லைக் கடித்து மூச்சைப் பிடிப்பாள். இன்றைக்குத் தோளைக் கீழே விட்டாள். பின்காலின் மேல் உட்கார்ந்தாள்.

டீச்சர் அவள் பக்கம் புரண்டு வந்தார். தண்ணீரில் மிதக்கிற கட்டை திரும்புகிற மாதிரி, சத்தமில்லாமல்.

எக்ஸ்ரேக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது ஒரு நொடிதான். விரிப்பை மாற்றி முடிப்பதற்குள் சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. டீச்சருக்கு இடது கையும் இடது காலும் நன்றாக இருக்கின்றன. வெட்கத்தில் தானே உந்திக்கொண்டிருந்தால்? அந்தச் சீடன் குதிகாலை எழுப்பிய மாதிரி?

“டீச்சர், நீங்க உதவி பண்ணீங்களா?”

“இ…ல்…ல.”

“கொஞ்சம்கூட?”

டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தார். மேற்கொண்டு கேட்க எக்ஸ்ரேக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. பிறகு தனியாக நேரம் கிடைத்தபோதெல்லாம் மூலைக் கட்டிலுக்குப் போனாள். டீச்சர் தூங்கும்போது ஒரு தடவை புரட்டினாள், புரண்டார். தூங்கினாரா, தூங்குகிற மாதிரி கிடந்தாரா? டீச்சரின் இடது பாதத்தின் மேல் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டுப் புரட்டினாள், உந்தினால் துண்டு நழுவும் என்று. துண்டு நழுவியது. ஆனால் புரளும்போது யார் பாதத்தில் வைத்தாலும் துண்டு நழுவத்தானே செய்யும் என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் தோன்றியது.

அவள் கவனித்தது ஒன்றே ஒன்று: சாயங்காலம் முதுகு வலிக்கவில்லை. அதைக்கூடப் புது மாத்திரையின் வேலையாக இருக்கும் என்று ஒதுக்கிவைத்தாள்.

இந்த நேரத்தில்தான் எதிர்க்கட்டில் நோயாளியைப் பார்க்க வந்திருந்த பெண் ஒருத்தி, எக்ஸ்ரே டீச்சரைத் தனியாளாகப் புரட்டியதைப் போனில் எடுத்துவிட்டாள். எடுத்தவள் சும்மா இருக்கவில்லை. ‘ஒல்லியான அக்கா, ஒற்றை ஆள், நூறு கிலோ’ என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். போர்வைக்குள் இருந்த டீச்சரின் முகம் தெரியவில்லை என்பது ஒன்றுதான் நல்ல காலம். மூன்றாம் நாள் எக்ஸ்ரேயின் புருஷன் கடையிலிருந்து ஓடிவந்து அதைக் காட்டினார். ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார்கள். அடியில் எழுதியும் இருந்தார்கள்.

‘பொய். நோயாளியே புரள்கிறார்.’

‘கட்டிலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒளிந்திருக்கிறார்கள்.’

‘நாலாவது நொடி பார்க்கவும். போர்வை முன்கூட்டியே அசைகிறது.’

எக்ஸ்ரே அந்த மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு வீடியோவைக் கால்வாசி வேகத்தில் வைத்து நாலாவது நொடியைப் பார்த்தாள். போர்வை அசைந்தது. அவள் கை பட்டு அசைந்ததா, அதற்கு முன்பே அசைந்ததா? பன்னிரண்டு தடவை பார்த்தும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் நிர்வாக அதிகாரி இரண்டாம் மாடிக்கே வந்துவிட்டார். எப்போதும் படியேறாத மனிதர். விதியை மீறியதற்குத் திட்டுவார் என்று எக்ஸ்ரே தயாராக நின்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் கண் தேடியது.

“பிரமாதம்மா. ஒருத்தரே போதும்னு காட்டிட்டீங்க. வர்ற வெள்ளிக்கிழமை நான் நேர்ல பார்க்கணும். அதே நோயாளி. அப்புறம் நீங்க மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுங்க. ஒவ்வொரு வார்டுலயும் ரெண்டு ரெண்டு பேர் தேவைதானான்னு யோசிக்கணும்.”

மேட்ரன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சோடா மருந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

அன்று மத்தியானம் விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறையில் சோடா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

“எத்தனை நாளா இது?”

“எது?”

“என்கிட்ட நடிக்காத எக்ஸ்ரே. நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் தனியா புரட்டிப் பழகியிருக்க. எதுக்கு? என்னைக் கழட்டி விடவா?”

“சோடாக்கா, சத்தியமா இல்ல. அது ஒரு வீடியோ பார்த்து…”

“வீடியோ! மூணு வாரம் லீவுல படுத்துக்கிட்டு என்னை வெளியில தள்ள வீடியோ பார்த்தியா? ஒருத்தர் போதும்னா யாரை வச்சுப்பாங்க? உன்னை. என்னை எங்க அனுப்புவாங்க தெரியுமா? கீழ, துணி வெளுக்கிற எடத்துக்கு. அங்க ஆவி. உள்ள போனா இந்தக் கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. குருடி மாதிரி நிப்பேன்.”

ஒருத்தர் எக்ஸ்ரேயை நேருக்கு நேர் சந்தேகப்படுவது இதுதான் முதல் தடவை. அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. என்ன சொன்னாலும் அது பொய்யின் ருசியோடுதான் வெளியே வரும் போல. “அப்படியெல்லாம் நடக்காதுக்கா” என்றாள். அவள் குரலே அவளுக்கு நம்பும்படி இல்லை.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் சுற்றிக்கொண்டிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

“வெள்ளிக்கிழமை முடியலைன்னு சொல்லிடு. அவ்வளவுதானே.”

“முடிஞ்சதை முடியலைன்னு நடிக்கச் சொல்றீங்களா? என்னை?”

“முடியுதுன்னு நீயே இன்னும் நம்பலையே.”

இரண்டு நாள் யோசித்தாள். நடிப்பது என்று முடிவு செய்தாள். கண்ணாடி முன்னால் நின்று, தோளைக் காதுவரை ஏற்றிப் பல்லைக் கடித்து ஒத்திகைகூடப் பார்த்தாள். பழைய மாதிரி இழுத்தால் போதும். நூற்றுப்பத்து கிலோ அசையாது. நடிக்கவே வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மூலைக் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். நிர்வாக அதிகாரி கையில் ஓர் அட்டையும் பேனாவும். மேட்ரன், இரண்டு நர்ஸ்கள். சோடா எல்லோருக்கும் பின்னால். சுவர்ப்பக்கம் இடமில்லாததால் எல்லோரும் எக்ஸ்ரேயின் பக்கமே நின்றார்கள்.

“டீச்சர், புரட்டப் போறேன்” என்றாள். டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். சுவர்ப்பக்கத்துக் கையை வயிற்றின் மேல் எடுத்துவைத்து, முட்டியை மடக்கி, போர்வையை இழுத்துவிட்டாள். கையைப் பின்னால் கொடுத்தாள். தோளை ஏற்றினாள். பல்லைக் கடித்தாள். இழுத்தாள். டீச்சர் அசையவில்லை. நினைத்தபடியே எல்லாம் நடந்தது.

“வீடியோல இப்படி இல்லையே?” என்றார் அதிகாரி. “அப்போ அது ஏமாத்து வேலையா?”

ஏமாத்து. அந்த ஒரு வார்த்தை எக்ஸ்ரேயின் உச்சந்தலையில் போய்க் குத்தியது. பதினெட்டு வருடத்தில் அவளைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. சோடாவும் துணி வெளுக்கும் இடமும் ஒத்திகையும் எல்லாம் அந்த ஒரு நொடி மறந்துபோயின. கால்கள் தாமாகவே இடம் மாறின. தோள் தானாகவே இறங்கியது. இத்தனை நாளில் அவ்வளவு சுத்தமாக அது ஒரு தடவையும் இறங்கியதில்லை. பின்காலின் மேல் உட்கார்ந்தாள்.

டீச்சரின் தோள் விரிப்பை விட்டு அரை அடி எழும்பியது. எழும்பி, கட்டிப்போட்ட மாதிரி நின்றது. எக்ஸ்ரே இன்னும் உட்கார்ந்தாள். தோள் அங்கேயே நடுங்கியது. பிறகு மெதுவாகப் பழையபடி கீழே போனது.

அதிகாரி அட்டையில் ஏதோ எழுதினார். “இதெல்லாம் நம்பக்கூடாது. போன்ல வர்றதைப் பார்த்து நானும் வந்தேன் பாருங்க. ரெண்டு பேர் விதி அப்படியே இருக்கட்டும், மேட்ரன். தனியா புரட்டினா மெமோ கொடுங்க.” படியிறங்கும் சத்தம் கேட்டது. கூட்டம் கலைந்தது.

எக்ஸ்ரே அங்கேயே நின்றாள். வியர்த்திருந்தது. பிறகு குனிந்து, கட்டிலின் குறுக்கே கையை நீட்டி, சுவர்ப்பக்கத்துப் போர்வையை விலக்கினாள். டீச்சரின் இடது கை வயிற்றின் மேல் இல்லை. கட்டிலின் பக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் சோடா வந்து எக்ஸ்ரேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. “எனக்காக அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்பட்ட. நான்தான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்” என்றாள். எக்ஸ்ரேக்கு நாக்கு நுனிவரை உண்மை வந்தது. கடைசி நொடியில் தான் நிஜமாகவே இழுத்ததைச் சொல்வதா? சொன்னால் சோடா என்ன நினைப்பாள்? “விடுக்கா” என்று மட்டும் சொன்னாள். அன்று இரண்டு பேரும் சேர்ந்து எல்லாக் கட்டிலையும் புரட்டினார்கள். அட்டையில் இரண்டு கையெழுத்து.

அவளை உள்ளே அரித்தது வேறு. விரிப்பு அறையில் சோடா போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். டீச்சர் ஏன் கம்பியைப் பிடித்தார் என்பதில் புதிர் இல்லை. ஆனால் பிடித்து நிறுத்த அவ்வளவு தெம்பு இருக்கிற கைக்கு, உந்திவிடவும் தெம்பு இருந்திருக்கும். அப்படியென்றால் இத்தனை நாள் புரண்டது யார் பலத்தில்?

டீச்சரை வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. ஸ்ட்ரெச்சரில் மாற்றி, பெல்ட்டைப் போட்டு, பிரேக்கை எடுத்துவிட்டு, எக்ஸ்ரே அவர் காதருகே குனிந்தாள்.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தியெல்லாம் நீங்க எனக்கு உதவி பண்ணீங்களா, இல்லையா?”

டீச்சரின் முகத்தில் இடது பக்கம் மட்டும் சிரித்தது. வலது பக்கம் எப்போதும் போலச் சும்மா இருந்தது.

“ப…ரீட்…சைப்… பே…ப்…பர்… திருப்…பி… தர… மாட்…டேன்.”

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகும் எக்ஸ்ரே காலையில் பத்து நிமிடம் நிற்பதை விடவில்லை. முகமில்லாதவர் திடீரென்று வீடியோ போடுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று தெரியவில்லை, அவளுக்குத் தோன்றிய காரணங்கள் எதுவும் நல்லவையாக இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் வாரம் தவறாமல் ஆட்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குத் திரும்பியதிலிருந்து முதுகு மறுபடி பிடிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தியும் பார்த்தாள். பிடிக்கவில்லை. நாலு மாதம் பார்த்துவிட்டு, ‘இருக்கலாம்’ என்ற அளவுக்கு வந்தாள்.

ஒரு மத்தியானம் விரிப்பு அறையில் சோடா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏய் எக்ஸ்ரே. அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி ஒண்ணு நிப்பியே, அதை எனக்கும் சொல்லிக்குடு.”

“எதுக்குக் கேக்குற?”

“எதுக்குக் கேப்பாங்க? முதுகு வலிக்குதுடி.”

எக்ஸ்ரே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நிஜமாகவே வலிக்கிற முகம்தான். இருந்தாலும் கதவைத் திறந்து, தாழ்வாரத்தில் யாராவது போனோடு நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி சாத்தினாள்.

“செருப்பைக் கழட்டு. காலை அகட்டி வை. கையை இப்படி. தோளை விடு.”

“விட்டுட்டேன்.”

எக்ஸ்ரே பின்னால் போய் ஒரு விரலால் சோடாவின் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

“விடல. பொய் சொல்ற.”

“சத்தியமா விட்டுட்டேன்டி!”

“உன் தோள் வேற சொல்லுது. இன்னொரு தடவை விடு. நான் இங்கயேதான் நிப்பேன்.”